நடுவில் ஒரு நாற்காலி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீளமேட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை என் தம்பி மகன் செந்தில். அன்னூரில் விவசாயம். வயது முப்பத்தாறு. ஏற்கெனவே எட்டுப் பெண் பார்த்தாகிவிட்டது... ஒன்றும் கூடிவரவில்லை. தோட்டத்துக்காரனுக்கு இன்றைக்கு யார் பெண் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்?

"அத்தை, இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி பொண்ணு பாக்க எங்கியும் வரமாட்டேன்" என்று காரிலேயே சொல்லிவிட்டான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நாலு பேர் நடுவில் பேச என்னை விட்டால் எங்கள் சொந்தத்தில் ஆள் கிடையாது! வழக்கம்போல மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மத்தியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பெண் பெயர் தாரணி. காலேஜில் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"ஏனுங்க கண்ணு, என்ன பாடம் நடத்தறீங்க?"

"இப்ப மோதலைப் பத்திங்கம்மா. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகளுங்கதான். அதுங்க ஒண்ணோட ஒண்ணு மோதுனாத்தான் புதுசா ஒண்ணு உண்டாகும். ஆனா முக்காவாசி சும்மா முட்டிட்டு விலகிப் போயிரும். வேகமும் பத்தோணும், சரியான பக்கமாவும் மோதோணும்."

"இவனும் எட்டு ஊட்ல முட்டிட்டுத்தானுங்க வந்திருக்கறான்!" என்றேன். வீடே சிரித்தது. செந்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

தோட்டத்தில் என்ன பயிர் என்று அவனைக் கேட்டாள். நான் சொன்னேன். காபியா, டீயா என்று அவனைக் கேட்டாள். அதையும் நான்தான் சொன்னேன்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நடுவால நீங்க உக்காந்திருந்தா நான் அவருமேல எப்படிங்க மோதறது?"

"தாரணி!" என்று அவள் அம்மா பல்லைக் கடித்தார்.

எழுபது வருஷத்தில் என்னை யாரும் இப்படி எழுப்பிவிட்டதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன் — காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு.

சத்தமே இல்லை. போச்சு... ஒன்பதாவதும் போச்சு.

"தென்னைக்கு அடிக்கச் சுண்ணாம்பு கலக்குவனுங்க..." அட, செந்தில்! "கல்லாப் போட்டா நிதானமாக் கொதிக்குது. ஒடச்சுத் தூளாப் போட்டா சுர்ருனு பொங்கிருது. அதும் இதனாலதானுங்களா?"

"அதேதானுங்க! தூளாக்குனா தண்ணி வந்து மோத எடம் சாஸ்தியாயிருது."

காபி ஆறி ஏடு கட்டும் வரை பேசினார்கள். எட்டு வீட்டில் ஊமையாக உட்கார்ந்திருந்தவனா இவன்? ஊமையா... நான் வாயைத் திறக்க விட்டால்தானே?

போன வெள்ளிக்கிழமை நிச்சயம் முடிந்தது. போட்டோக்காரர், "பெரியம்மா, ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நில்லுங்க" என்றார்.

ஓரத்திலேயே நின்றுகொண்டேன். எதுக்குங்க வம்பு?