அத்தானின் பத்து நாள் ஒப்பந்தங்கள்

அத்தானின் காரில் ஏறியதும் எனக்கு முதல் வேலை ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுப்பதுதான். ஆறடி மூன்றங்குல ஆளுக்காகக் கடைசிவரை பின்னே தள்ளிய இருக்கை அது. என் கால் பிரேக்கைத் தொடாது. நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், அத்தை வீட்டு வாசலில் முதல்முறையாக அந்த இருக்கையை இழுத்த காலையில் டிக்கியில் ஒரு விளையாட்டுப் பையும், சுருட்டிய காற்று மெத்தையும், அத்தை வற்புறுத்தி ஏற்றிய குக்கரும், ஒரு மூட்டை இட்லி அரிசியும் இருந்தன. அத்தான் முந்தின நாளே விமானத்தில் போய்விட்டார். ஏதோ ஒரு கூடைப்பந்து அணியில் கார்டாக ஆடுபவருக்கு விரல் முறிந்துவிட்டது, இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். காரைப் பின்னாலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அடுத்த பல வருடங்களுக்கு அதுதான் என் வேலையாக இருக்கப்போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சந்தோஷமாகவே போயிருப்பேன். ஓரிடத்தில் உட்காருவது எனக்கும் ஆகாது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கோவில்பட்டியிலிருந்து நர்ஸாக வந்து, தபால் துறையில் வேலை பார்த்த உயரமான ஓர் அமெரிக்கக் கறுப்பரைக் கல்யாணம் செய்துகொண்டவள். அவர்களுக்கு ஒரே பிள்ளை அத்தான். அத்தை எங்களுக்காகப் போட்ட குடியேற்ற மனு பல வருடம் கழித்துக் கைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டிருந்தேன். இங்கே வந்து கம்யூனிட்டி காலேஜை இரண்டாவது செமஸ்டரில் விட்டேன். பிறகு கிடங்கில் பெட்டி தூக்கினேன், லாரி ஓட்டினேன், கலிபோர்னியாவின் சான் ரமோனில் ஓர் இந்தியக் கடையின் பின்கட்டில் சமோசா பொரித்தேன். அங்கே மூன்று வாரம் காரிலேயே தூங்கி, ஜிம்மில் குளித்துக்கொண்டிருந்தேன். அதில் பெரிய துயரம் ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

கூடைப்பந்தில் கார்டு என்பவர் பந்தை மேலே கொண்டுவந்து யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர். அத்தான் அதில் கெட்டிக்காரர். ஆனால் அதே அளவு கெட்டிக்காரர்களும் இன்னும் வேகமானவர்களும் அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். கல்லூரி முடித்தபோது பெரிய லீக்கில் யாரும் அவரை எடுக்கவில்லை. சின்ன லீக்கில் ஆடினார். போலந்து போனார், துருக்கி போனார், பிலிப்பைன்ஸில் ஒரு மழைக்காலம் முழுக்க ஆடினார். நடுநடுவே பெரிய லீக்கில் யாருக்காவது அடிபடும்போது பத்து நாள் ஒப்பந்தம் கிடைக்கும். பத்து நாள் ஆடலாம். பிடித்திருந்தால் இன்னொரு பத்து நாள். அதற்குப் பிறகு மூன்றாவது பத்து கிடையாது. சீசன் முடியும்வரை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். அத்தானை எப்போதும் அனுப்பிவிட்டார்கள்.

போகிற அணியின் ஆட்டமுறைகளை ஒரே விமானப் பயணத்தில் படித்துவிடுவார். மறுநாள் ஏதாவது மளிகைக் கடையின் கார் நிறுத்துமிடத்தில் நாலு தள்ளுவண்டிகளை நிறுத்தி வைத்து, அவைதான் மற்ற நாலு ஆட்டக்காரர்கள் என்று ஓடி ஓடிப் பார்ப்பார். “மச்சான், அந்த வண்டிய லெஃப்ட் கார்னருக்குத் தள்ளு. அவன் ஷூட்டர், பந்து வரலைன்னா அவனுக்குக் கோவம் வரும்” என்பார். நான் தள்ளுவேன். “இவன் ஒரு சக்கரம் கோணலா இருக்கு அத்தான், இவன வச்சு எப்படி ஜெயிப்பீங்க?” என்பேன். “அவன் பெஞ்ச்ல உக்கார்ற ஆளு” என்பார். கடைக்காரர்கள் வந்து துரத்தும்வரை இது நடக்கும்.

அவருடைய ஆசை சின்னது. நட்சத்திரமாவது, சுவரில் படமாவதெல்லாம் இல்லை. அரிசோனாவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் காப்பி குடித்துக்கொண்டே ஒருமுறை சொன்னார்: “ஒரே ஒரு தடவை, பெரிய லீக்ல, சீசன் எண்ட் வரைக்கும் ஒரு டீம்ல இருக்கணும் மச்சான். தட்ஸ் ஆல்.” அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. அந்த வயதில் கார்டுகளின் பேச்சில் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்பது நிறைய வரும்.

அடுத்த குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் பே ஏரியாவில் அந்த வாய்ப்பு வந்தது. முதல் பத்து நாள் நன்றாகப் போயிற்று. இரண்டாவது பத்தும் கொடுத்தார்கள். அதில் எட்டாம் நாள் பயிற்சி முடிந்து அவரை அழைத்துவரப் போனபோது, துணைப் பயிற்சியாளர் ஒருவர் என் தோளைத் தட்டி, விஷயம் நல்லபடியாகத் தெரிகிறது, தங்க இடம் பார்த்து வை என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அத்தைக்குப் போன் செய்து சொன்னது வேறு.

“கன்ஃபர்ம் ஆயிட்டு அத்தே. சீசன் முழுக்க இங்கதான்.”

“ஏல, நெசமாவா?”

“கோச்சே சொன்னாரு.”

அதோடு நான் நிற்கவில்லை. சான் ரமோனில் எனக்குத் தெரிந்த பழைய குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டேன். அத்தை மறுநாளே விமானம் ஏறி, பால் பாத்திரமும் புது விளக்குமாக வந்து இறங்கினாள். அத்தானுக்கு விஷயமே அவள் வந்த பிறகுதான் தெரியும். “நான் இன்னும் சைன் பண்ணல அம்மா” என்றார். “பண்ணுவெ. பால் காய்ச்சாத வீட்டுல எம்பிள்ள தங்கக் கூடாது” என்றாள் அத்தை. போலந்திலும் துருக்கியிலும் யார் காய்ச்சினார்கள் என்று நான் கேட்டேன். “அதான் எங்கயும் நிக்கல” என்று பதில் வந்தது.

பத்தாம் நாள். அன்று சாயங்காலம் ஆட்டம். ஆட்ட நாளில் மத்தியானத் தூக்கம் இந்தத் தொழிலில் பூஜை மாதிரி. போன் அடிக்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது. அத்தான் உள்ளறையில் காற்று மெத்தையில் படுத்திருந்தார். நல்ல நேரம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. அத்தை பாலை வைத்தாள். பால் பொங்கி வழிய வேண்டும், அதுதானே சாஸ்திரம். வழிந்தது. கண்ணாடி மேல்தட்டுள்ள மின்சார அடுப்பில் வழிந்த பால் கருகி, புகை எழுந்து, வீட்டின் அலாரம் அலறியது. ஒரு நிமிடத்தில் மொத்தக் கட்டடத்தின் அலாரமும் சேர்ந்துகொண்டது.

அத்தான் வெறுங்காலோடு பாய்ந்து வந்தார். அத்தையோ அடுப்பை விட்டு நகரவில்லை. விளக்கு எரிகிறதாம், அதை அணைக்கக் கூடாதாம். அத்தான் விளக்கை ஊதி அணைத்தார், அம்மாவை இரண்டு கைகளிலும் அள்ளித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

“இறக்கி விடுல! நாலு பேரு பாக்காங்க!”

“லெட் தெம் பாக்கட்டும்!”

மூன்று மாடியும் அப்படியே இறங்கினார். கடைசிப் படியில் யாரோ விட்டுப்போன குழந்தைச் செருப்பில் கால் வைத்தார். வலது கணுக்கால் மடங்கியது. விழவில்லை. அம்மாவைப் பத்திரமாக நிற்க வைத்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தார். வாசலில் கூடி நின்ற அக்கம்பக்கத்து ஆன்ட்டிகளும் அங்கிள்களும், வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள், மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அத்தை குனிந்து கணுக்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். நாற்பது வருட நர்ஸ். “ஐஸ்” என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கன்ஃபர்ம்னு சொன்னியே” என்றாள். நான் ஐஸ் தேடி ஓடினேன்.

தீயணைப்பு வண்டி வந்து போன பிறகு காரில் அத்தானோடு நான் மட்டும் இருந்தேன். “டேப் சுத்திக்கிட்டு ஆடுங்க அத்தான். ஒரு ஆட்டம்தானே. நாளைக்கு சைன் ஆயிரும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்றேன். நான் அவர் இடத்தில் இருந்தால் நிச்சயம் அப்படித்தான் செய்திருப்பேன். அவர் கணுக்காலில் ஐஸை நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார்:

“நான் கட் பண்ணி ஓடி அந்த ஸ்பாட்டுக்கு வருவேன்னு நம்பி ஒருத்தன் பாஸ் போடுவான். நான் அங்க இருக்க மாட்டேன். பந்து அவுட்ல போகும். கோச் அவனத் திட்டுவாரு, என்னை இல்ல.”

அணியின் சிகிச்சையாளருக்கு அங்கேயே போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னார். பால் காய்ச்சியதையும் சேர்த்து. மறுமுனையில் அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கும் கேட்டது. ஆனாலும் அன்று அத்தான் ஆடவில்லை. மறுநாள் அணி வேறொரு கார்டை எடுத்துக்கொண்டது. அதில் தவறு ஒன்றுமில்லை. அவர்களுக்கு இரண்டு கால் உள்ள ஆள் தேவைப்பட்டது. வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனது நான்தான். திரும்பி வந்து, “என்னாலதான் அத்தான்” என்றேன். “ஆமா. உன்னாலதான்” என்றார் அத்தான். பிறகு, “டெக்ஸாஸ் போலாம், டிரைவ் பண்ணு” என்றார். டல்லாஸ் பக்கம் காப்பெல்லில் என் அப்பா அம்மா இருந்தார்கள். அங்கே ஐந்து வாரம் காலைத் தேற்றினார்.

ஆறாவது வாரம் டெக்ஸாஸிலேயே ஓர் அணி கூப்பிட்டது. அந்தச் சிகிச்சையாளர் அங்கிருந்த தன் நண்பரிடம், காலைப் பற்றி என்ன கேட்டாலும் இவன் உண்மையைச் சொல்வான் என்று சொல்லியிருந்தாராம். அத்தானைப் போன்றவர்களுக்குச் சான்றிதழ் இப்படித்தான் வருகிறது. பத்து நாள், இன்னொரு பத்து நாள், பிறகு சீசன் முடியும்வரை என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த முறை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு அத்தானே அம்மாவுக்குச் சொன்னார்.

அந்த அணி நிறையத் தோற்றது. ஏப்ரலில் சீசன் முடிந்த மறுநாள் காலை அத்தானிடமிருந்து போன். “மச்சான், லாக்கர் காலி பண்ணணுமாம். எனக்கு ஹெல்ப் பண்ணு, வா.” ஒரு பையைத் தூக்க என்ன உதவி என்று நினைத்துக்கொண்டே போனேன். வாசல்காரரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். உள்ளே, உடை மாற்றும் அறையில், ஆளுக்கொரு கறுப்புக் குப்பைப்பை கொடுத்திருந்தார்கள். இளைஞர்கள் காலணிகளை வாரிப் போட்டுக்கொண்டு, எப்போதடா விடுமுறைக்குப் பறப்போம் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தானின் பை பாதிகூட நிறையவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு சட்டையையும் மடித்துக்கொண்டிருந்தார். பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

இன்று அவர் காப்பெல்லில்தான் இருக்கிறார். இந்த வருடம் எந்த அணியும் கூப்பிடவில்லை. தினமும் ஓடுகிறார், எடை கூடவில்லை, கூப்பிட்டால் போவார். நானும் தயார். ஆனால் அவர் முகத்தில் பழைய அவசரம் இல்லை. அது அன்று அந்த உடை மாற்றும் அறையில்தான் போயிற்று என்பது என் கணக்கு.

“முடிஞ்சுதா அத்தான், போலாமா?” என்றேன். கடைசி ஆட்டக்காரனும் கிளம்பிவிட்டிருந்தான். தரை துடைக்கும் பெரியவர் வாளியோடு வாசலில் காத்து நின்றார்.

அத்தான் காலி லாக்கருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்தார்.

“எல்லா டீம்லயும் எல்லாரும் இருக்கும்போது நான் மட்டும்தான் கிளம்புவேன்” என்றார். “இன்னிக்கு எல்லாரும் போகட்டும் மச்சான். நான் கடைசியா வர்றேன்.”

பெரியவர் எங்களைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார்.