பன்னிரண்டாம் எண் வில்லை

பொழுதுபோக்குப் பூங்காவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சுரங்கக்கா. முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூங்காவின் கோடியில் இருந்த சுரங்கச் சவாரி முழுக்க அவள் கைவேலை. கம்பிவலை கட்டி, சிமெண்ட் பூசி, பாறையாக்கி, அந்தப் பாறைக்குக் கரிப்புகை ஏற்றி, மூலையில் ஈரம் கசியவிட்டவள் அவள்தான். "வீட்டுச் சுவர் வெள்ளையடிச்சு எந்தக் காலம் ஆச்சு, இவ அங்கே போய்ப் பாறைக்கு அழுக்கு பூசிட்டு வர்றா" என்று பேருந்து ஓட்டும் அவள் புருஷன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சுரங்கத்துக்குள் சுரங்கத்துக்கு ஒட்டாத எதுவும் கண்ணில் படக் கூடாது. வண்டியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தாலும் பாறையின் முதுகும் பாறையாகவே இருக்க வேண்டும். "யாரும்மா திரும்பிப் பாக்கப்போறா?" என்று முதலாளி கேட்டதற்கு, "நான் பாப்பேன்" என்றாள். அவர் பின்பக்கம் பூசவும் சாயம் வாங்கிக் கொடுத்தார்.

சவாரியின் உயிர் ஒரு பித்தளை வில்லையில் இருந்தது. நிஜச் சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் பலகையில் அந்த எண்ணுக்கு உரிய ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவள் அதை அப்படியே வைத்தாள். ஏறும் இடத்தில் ஆளுக்கொரு வில்லை, இறங்கும் இடத்தில் பலகை. எல்லாரும் மாட்டி முடித்தாலும் பன்னிரண்டாம் ஆணி மட்டும் காலியாகவே இருக்கும். அந்த வில்லை கடைசி அறையில் இருந்தது. வண்டி அங்கே வந்து நிற்கும். இருட்டில் எரியும் ஒற்றை விளக்கு, திறக்காத சாப்பாட்டு டப்பா, பக்கத்தில் பன்னிரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்லத் தட்டுகிற சத்தம். அவ்வளவுதான். வண்டி வெளிச்சத்துக்கு ஏறிவிடும். யாருக்கும் எதையும் அவள் விளக்கியதில்லை.

பன்னிரண்டு அவளுடைய சித்தப்பாவின் எண். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் ஒருநாள் இறங்கினார், ஏறவில்லை. அன்று சாயங்காலமே சங்கு ஊதி, பலகை இருந்த அறையைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்த வாரம் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சித்தப்பா செத்ததைவிட அந்த எண்ணைத் தூக்கிக் கொடுத்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. அந்தக் கோபத்தில்தான் இத்தனை பாறையும் எழும்பியது.

இப்படியிருக்க, எங்கேயோ மூடிப்போன பனிப் பூங்கா ஒன்றிலிருந்து முதலாளி அடிமாட்டு விலைக்கு எட்டு பென்குவின் பொம்மைகளை வாங்கி வந்தார். சுவிட்சைப் போட்டால் இடுப்பை ஆட்டி, சிறகைத் தட்டி, பாட்டுக்கு ஆடும். வைக்க வேறு இடமில்லை. கடைசி அறைதான் விசாலமாக இருந்தது.

"சுரங்கத்துக்குள்ள பென்குவின் எப்படி வந்துச்சு?" என்றாள்.

"லாரியில வந்துச்சு. ஜனங்க சிரிச்சுக்கிட்டே வெளியே வரணும்மா. நீ எல்லாரையும் எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி அனுப்புறே."

"நான் வைக்க மாட்டேன்."

"சம்பளம் குடுக்கிறவன் நான்."

"குடுங்க. ஆனா வைக்க மாட்டேன்."

முதலாளி கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு, சுரங்கத்து வாசலில் இருந்த டிக்கெட் கூண்டில் உட்காரவைத்தார். அதோடு அடங்கிவிடுவாள் என்று நினைத்தார். எலெக்ட்ரீஷியன் பென்குவின்களை மாட்டினார். விளக்கையும் டப்பாவையும் பன்னிரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் கூண்டுக்குள் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். வரிசை தாமதமாகிறது என்று வில்லைகளையும் முதலாளி நிறுத்தியிருந்தார். அவை ஒரு சாக்கில் கட்டி, அதே கூண்டின் மூலையில் கிடந்தன. பலகையைக் கழற்ற மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று ராத்திரி புருஷன், "விட்டுத் தொலையேன். பொம்மைதானே" என்றார்.

"உங்க பஸ்ஸுல ஏறின ஆளு இறங்கலைன்னா டிப்போவுக்கு ஓட்டிட்டுப் போய்டுவீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் அவள் சாக்கை அவிழ்த்தாள். டிக்கெட்டோடு ஆளுக்கொரு வில்லை கொடுத்தாள். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "பத்திரமா போய்ட்டு வாங்க. வெளியே வந்ததும் இதைப் பலகையில மாட்டணும். பன்னிரண்டாம் நம்பர் இன்னும் மேலே வரலை. உள்ளே பாத்தா வந்து சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். ஆனால் வில்லையைப் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் வண்டியில் ஏறினார்கள். சுரங்கம் இப்போது கூண்டிலிருந்தே தொடங்கிவிட்டது.

முதலில் வந்தவர் ஆபீஸ் சட்டை போட்ட ஒரு பருத்த மனிதர். சவாரி முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே கூண்டுக்கு வந்தார்.

"நல்லாப் பாத்தேங்க. எங்கேயும் காணோம். கடைசியில பென்குவின்தான் ஆடிக்கிட்டிருக்கு."

"அப்படியா."

"அப்ப அந்த ஆளு?"

"தெரியலைங்க. முதலாளியைத்தான் கேக்கணும்."

அவர் பலகையைப் பார்த்தார். கையில் இருந்த வில்லையைப் பார்த்தார். "அவர் வராம நான் மட்டும் எப்படி மாட்டுறது?" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் மாட்டவில்லை. ஒரு தம்பதி, ஒரு கல்லூரிக் கூட்டம், மூட்டு வலியோடு வந்த ஒரு பெரியவர் எல்லாரும் ஆபீசுக்குத்தான் போனார்கள். சண்டை போடவில்லை. கிடைத்தாரா என்று மட்டும் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் சாக்கு காலி. பலகையில் ஒரு வில்லைகூட இல்லை.

முதலாளி மூக்கு சிவக்க வந்து சேர்ந்தார். "என்ன விளையாட்டு இது? யார் அந்தப் பன்னிரண்டு? ஆபீசுல உக்கார முடியலை. பித்தளை பூரா ஜனங்க பையில போயிடுச்சு, தெரியுமா?"

அவள் சாக்கை உதறினாள். மடிப்பில் சிக்கியிருந்த ஒரே ஒரு வில்லை விழுந்தது. அதை அவர்முன் வைத்தாள்.

"எங்க சித்தப்பா. நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. ஆள் உள்ளே இருக்கும்போது பலகையை மூடிட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. நான் போக விட மாட்டேன். வேணும்னா இந்தக் கூண்டையும் பிடுங்கிக்குங்க, வாசல்ல நின்னு சொல்லுவேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் வில்லையை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினார்.

கடைசி அறையில் வண்டி நின்றபோது பாட்டு ஒலித்தது, பென்குவின்கள் ஆடின. அவர் வண்டியில் இருந்த ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை. செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பாறை இடுக்குகளிலும் தங்கள் முதுகுப்பக்கத்திலும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் அவர் தோளைத் தொட்டு, "உங்க பக்கம் யாராவது தெரியறாங்களா?" என்று கேட்டார். முதலாளி குனிந்து பார்த்தார்.

வெளியே வந்தவர் பலகைமுன் நின்றார். கையில் வில்லை இருந்தது. மாட்டவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "அந்தப் பறவைங்களைக் கழட்டு" என்றார். பிறகு கூண்டுக்கு வந்து கையை நீட்டினார். "விளக்கைக் குடும்மா. வைக்கச் சொல்றேன்."

"இதை நான்தான் வைப்பேன்."

டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். வில்லை இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மீதி இருந்தது பன்னிரண்டு மட்டும்தான். அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு தண்டவாளத்தின்மேல் நடந்து உள்ளே போனாள்.

அவள் திரும்பி வரும்வரை முதலாளி பலகையடியிலேயே நின்றார்.