கிட் கெட்டுப்போன நாள்

சுமதிதி போய்விட்டார். ஹார்ட் அட்டாக். காலையில் பல் தேய்க்கப் போனவர் வாஷ்பேசின் பக்கத்திலேயே விழுந்துவிட்டாராம்...

பெஹாலாவில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. எங்கள் பாலிகஞ்ச் லேபில் எல்லாருக்கும் அவர் 'தி', அதாவது பெங்காலியில் அக்கா. லேக் கார்டன்ஸ் தமிழனான எனக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஆராய்ச்சி பார்க்கின்சன் நோய் பற்றியது. கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறோம்.

நோயாளி ரத்தத்தோடு ஒப்பிட, நோய் இல்லாதவர் ரத்தமும் வேண்டும். வெளியே ஆள் தேட யாருக்கு நேரம்? லேபில் இருக்கிற நாங்களே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொடுப்போம். ட்யூபில் பெயர் இருக்காது, நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்பது சுமதிதிக்கு மட்டும் தெரியும்.

பூஜை லீவுக்கு முன்னால் ஒரு நாள், எங்கள் ட்யூப்களில் ஒன்று நோயாளி ரத்தம் மாதிரியே ரிசல்ட் காட்டியது.

சுமதிதி அந்த ட்யூபை எடுத்து நம்பரைப் பார்த்தார்.

"கிட் கெட்டுப்போச்சுடா. வா, சா குடிக்கலாம்" என்றார் சுமதிதி. எல்லாரும் சிரித்தோம். எது தப்பாக வந்தாலும் டெஸ்ட் கிட் தலையில் பழியைப் போடுவது எங்கள் வழக்கம்.

லீவு முடிந்ததும் புது கிட்டை வைத்து அவர் மட்டும் திரும்பச் செய்து பார்த்தார். என்ன வந்தது என்று கேட்டேன். "போய் ஒன் வேலயப் பாரு."

அதற்கப்புறம்தான் அந்த விளையாட்டு...

காலையில் வந்ததும் என்னைக் கண்ணை மூடச் சொல்வார். மூக்குக்கு நேரே ஏலக்காயோ கடுகெண்ணெயோ நீட்டுவார். "சொல்லுடா, என்ன வாசன?"

பாதி நாள் தப்பாகத்தான் சொன்னேன். "ஜலதோஷம் தி. இந்த ஊர்ப் புகையில எவன் மூக்கு உருப்படும்?" என்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

ஒரு நாள் திடீரென்று, "தூக்கத்துல கை கால ஒதறுறியா? வீட்டுல கேட்டுச் சொல்லு." மனைவியிடம் கேட்டேன். "நேத்துகூட ஒதைச்சீங்களே" என்று சிரித்தாள். அதையும் ஜோக் மாதிரி வந்து சொன்னேன், மடையன்.

பார்க்கின்சனில் பலருக்கு மூக்கும் தூக்கமும்தான் முதலில் கெடும். கை நடுக்கம் வரப் பல வருஷம் ஆகும். தினமும் இதையே படிக்கிற எனக்கு உறைக்கவே இல்லை.

இன்று பெஹாலா வீட்டில் அவரைக் கிடத்தியிருந்த அறை முழுக்க ரஜனிகந்தா மாலை. நம்மூர் சம்பங்கி.

"அந்த ஜன்னலத் தெறந்து விடுப்பா, பூ வாசன மண்டயப் பொளக்குது" என்றார் அவர் கணவர்.

காலடியில் மாலை வைக்கக் குனிந்தபோது, பூவில் மூக்கை அழுத்தி இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்தேன்.

ஒன்றுமே இல்லை. இன்று எனக்கு ஜலதோஷமும் இல்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்ன ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு போன வாரம்கூடப் பொலம்பிட்டு இருந்தா. ஒடம்புக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

பயமாக இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

போயிட்டு வாங்க சுமதிதி... அன்னைக்குக் கிட் நெஜமாவே கெட்டுப்போயிருந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்.