அப்பளக் கூடைகளுக்கு நடுவே ஓர் இடம்

எட்டு வருஷத்துக்கு முன்பு, தாராவியில், முதல் பிள்ளையை ஏழு மாதம் சுமந்திருந்தேன். சந்துக்குள் கீழ்த்தளத்தில் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும். போதாக்குறைக்கு ஊரிலிருந்து அம்மா தினமும் போனில், "ஏட்டி, வெயில்ல தலை காட்டாத. பிள்ளை கறுத்துரும்" என்பாள். இல்லாத வெயிலுக்கு இத்தனை காவலா என்று சிரிப்பேன். ஆனாலும் கடைக்குப் போனால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் போவேன்.

ஒரு காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனபோது, விரல்கள் தானாகச் சுருண்டு விறைத்துக்கொண்டன. விரிக்கவே முடியவில்லை. உதடும் மரத்துப்போனது. ஐயோ, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அலறிவிட்டேன். வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கால்சியமும் வைட்டமின் டி-யும் ரொம்பக் குறைந்திருக்கிறது, இப்படியே விட்டால் பிரசவத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். தினமும் பகல் வெயிலில் கொஞ்ச நேரம் உட்காரவும் சொன்னார்.

வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் அது விழுவதே சந்து முனைத் திடலில்தான். அங்கே அப்பளம் இடும் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து, மேலே அப்பளம் காயப்போட்டிருப்பார்கள். ஒரு கூடை வைக்கும் இடத்துக்குக் குடுமிப்பிடிச் சண்டையே நடக்கும். நான் சுவரை ஒட்டித் தயங்கி நின்றேன். சண்டைக்கு முதல் ஆளான ஒரு மராத்திக்காரி, எல்லாரும் மௌசி, அதாவது சித்தி என்று கூப்பிடுகிறவள், "க்யா ஹுவா?" என்று என்ன ஆச்சு எனக் கேட்டு அதட்டினாள். சொன்னேன். தன் கூடைகளில் இரண்டைத் தூக்கி நிழலில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். "பைட்", உட்கார் என்றாள். பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். அப்பளம் நாளைக்கும் காயும், இவள் பிள்ளை காத்திருக்குமா என்று இந்தியில் ஒரே போடு போட்டாள் மௌசி.

பிரசவம் வரை அதுதான் என் இடம். சுற்றிலும் உளுந்தும் மிளகும் மணக்கும். நான் வரத் தாமதமானால் மௌசி சந்துக்குள் வந்தே சத்தம் போடுவாள். அம்மாவிடம் சொன்னபோது, "கறுத்தா கறுத்துட்டுப் போவுது, ரெண்டு பேரும் நல்லாருந்தா போதும்" என்று அழுதாள். சுகப்பிரசவத்தில் மகள் பிறந்தாள்.

இப்போது மும்பையிலேயே பாண்டுப்பில் பால்கனி வைத்த வீட்டில் இருக்கிறோம். அந்தத் திடலை நினைத்தால் இன்றும் மனசு ஏங்குகிறது. மௌசியின் பிழைப்பே அந்த வெயில்தான். அதில் ஒரு பங்கை எனக்கு ஒதுக்கித்தான் என் மகளை என் கையில் கொடுத்தாள்.