ஆறாம் இடத்துக்கு ஒரு பயணம்

வியாழக்கிழமை இரவு கொழும்புக் கோட்டையில் யாழ்ப்பாண மெயிலில் ஏறினோம். என் மனைவி நாகேஸ்வரியின் மடியில் ஒரு புதுத் தலையணை இருந்தது. பஞ்சு வாங்கி, உறை தைத்து, அந்த வாரம் முழுவதும் இருந்து செய்தது. சண்டிலிப்பாயில் அவள் வீட்டு வேலியோரம் இலவமரம் நிற்கிறது. பஞ்சு காய்க்கிற ஊருக்குப் பஞ்சுத் தலையணை கொண்டுபோகிறீரே, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையா என்று கேட்டேன். அவள் தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கந்தோரில் எழுதுவினைஞன். பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு. ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குக் கிரிக்கெட் பற்றி எழுதுவது என் பொழுதுபோக்கு. ஒவ்வொரு வருடமும் பருவத்தின் முதல் ஆட்டங்கள் முடிந்ததும் குடாநாட்டுக் கல்லூரிகள் ஆறையும் ஒன்று முதல் ஆறு வரை வரிசைப்படுத்துவேன். கல்லூரிகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒவ்வோர் ஊரிலிருந்தும் யாராவது என்னைத் தேடி வருவார்கள். இந்த வருடம் தபாலில் வந்த முடிவுகளைப் பார்த்து, மேசையில் இருந்தபடியே வரிசையைப் போட்டேன். சண்டிலிப்பாய்ப் பக்கத்துக் கல்லூரிக்குக் கிடைத்தது ஆறாம் இடம். மாமனார் ஊரைக் கடைசியில் போட்ட மருமகன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கல்லூரியின் வேகப்பந்து வீச்சாளன் பாலனைப் பற்றி, "காலையில் புயல், மத்தியானத்தில் சோம்பல்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். பாலன் நாகேஸ்வரியின் தம்பி. தாய் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அவள்தான் தூக்கி வளர்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தபோது அவனுக்குப் பதினொன்று. இப்போது பதினெட்டு. கல்லூரியில் இது அவனுக்குக் கடைசி வருடம். சனிக்கிழமை கொக்குவிலில் நடக்கும் ஆட்டத்துக்குத் தெரிவாளர்கள் இருவர் வருகிறார்கள். குடாநாட்டுப் பொடியன்களில் பதினொருவரைப் பொறுக்கிக் கொழும்புக்கு விளையாட அனுப்பப் போகிறார்கள். இந்த முறை பாலன் தெரிவாகாவிட்டால் பிறகு அவனுக்கு மைதானம் இல்லை, தோட்டம்தான். நான் எழுதிய வரியை நாகேஸ்வரி வாசித்தாள். மறுநாள் பஞ்சு வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வண்டி ஆனையிறவில் நின்றது. இரண்டு பக்கமும் நீரேரி, உப்புக் காற்று. எதிரே இருந்தவர் மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பென்சன்காரர், கொக்குவில்காரர். மடியிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்து விரித்தார். கொக்குவில் பக்கத்துக் கல்லூரிக்கு நான் மூன்றாம் இடம்தான் கொடுத்திருந்தேன். இதை எழுதினவனுக்குக் கண் தெரியாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். நானும் ஆமோதித்தேன். வேறென்ன செய்வது?

"ஆனா ஆறாவது சரி," என்றார் அவர். "சண்டிலிப்பாய்ப் பொடியள் மத்தியானம் திரும்பினா மைதானத்திலை நிண்டுகொண்டே நித்திரை கொள்ளுறாங்கள். நான் கண்ணாலை கண்டனான்."

நாகேஸ்வரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வெளியே பார்த்தேன்.

சுன்னாகத்தில் இறங்கினோம். அங்கிருந்து கந்தரோடை வழியாகச் சண்டிலிப்பாய்க்கு மூன்று மைலுக்குக் கொஞ்சம் மேல். மாட்டு வண்டிலுக்கு அரை ரூபாய். முன்பு நான் இங்கே வந்ததெல்லாம் ஆவணி விடுமுறைகளில். மாசியில் இந்த ஊரைப் பார்த்தது இதுவே முதல் தடவை. செம்மண் பாத்திகளில் புகையிலை இடுப்பளவு நின்றது. நடுவே வெங்காயம், கத்தரி, மிளகாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிணறு. ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துலாவின் மேல் ஒரு மனிதன் முன்னும் பின்னும் நடக்கிறான். அவன் முன்னே போனால் கயிற்றில் கட்டிய ஓலைப் பட்டை கிணற்றுக்குள் இறங்குகிறது, பின்னே வந்தால் தண்ணீரோடு மேலே வருகிறது. பார்க்க மிகவும் அழகாக இருந்தது. வண்டில்காரரிடம் அப்படியே சொன்னேன். பார்க்க அழகுதான் என்றார் அவர், மாட்டைத் தட்டிக்கொண்டு.

வேலிப் படலையில் மாமா நின்றார். வலது முழங்காலில் எண்ணெய்ச் சீலை சுற்றியிருந்தது. தை மாதத்தில் வரம்பில் வழுக்கி விழுந்தாராம். வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பினேன் என்று நினைத்தேன். மத்தியானம் இலை போட்டுத் தன் கையாலேயே பரிமாறினார். பருப்பு, கத்தரிக்காய், பயற்றங்காய், பூசணி, கீரை என்று ஐந்தும் வந்தபின் முருங்கைக்காய்க் கறியை ஒரு அகப்பை நிறைய அள்ளினார்.

"உது ஆறாவது, தம்பி. கடைசியிலை வந்தாலும் ருசி பாருங்கோ," என்றார்.

பாலனுக்குப் புரையேறிவிட்டது. அவன் தலையில் தட்டிவிட்டு அக்கா சிரித்தாள். கொழும்பில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. முருங்கைக்காய் மற்ற ஐந்தையும்விட நன்றாக இருந்ததையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன்.

பின்னேரம் தலையணையைப் பாலனிடம் கொடுத்தாள். இன்றைக்கு இதில் தலைவைத்து விடியும்வரை நித்திரை கொள்ளவேண்டும், அதற்காகத்தான் தான் வந்தது என்றாள். அவன் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான்.

"நாளைக்கு எங்கடை முறை, அக்கா."

முறை என்னவென்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மாமாவின் தோட்டத்துக் கிணறு நாலு குடும்பத்துக்குப் பங்கு. நாலு நாளைக்கு ஒருமுறை அவருக்குத் தண்ணீர். அன்றைக்கு இருட்டோடு தொடங்கி வெயில் ஏறுமுன் இறைத்து முடிக்கவேண்டும். மாமா பட்டையைப் பிடித்து இறைப்பார். அந்த முழங்காலோடு துலாவில் ஏற முடியாது. துலா மிதிப்பதும் இடையிடையே இறங்கி வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிடுவதும் பாலன்தான். முதல் ஆட்டத்தன்றும் அவன் மிதித்துவிட்டுத்தான் போயிருக்கிறான். கூட விளையாடுகிறவர்களிலும் பாதிப்பேர் அப்படித்தான். கூலிக்கு ஆள் பிடிக்கலாமே என்று கேட்டேன். மாசி மாதத்தில் சும்மா இருக்கிற ஆள் இந்த ஊரிலே கிடையாதாம்.

நாகேஸ்வரி தகப்பனிடம் போனாள். ஒருநாள் விட்டால் என்ன அப்பு என்று கேட்டாள்.

"ஒரு முறை தப்பினாப் போயிலை செத்துப்போம், பிள்ளை," என்றார் மாமா. கோபம் இல்லை, மழை பெய்தால் நனையும் என்று சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப நான் வாய்க்காலிலை நிண்டு தண்ணி மாறுறன். துலாவிலை இவர் மிதிப்பார்," என்று என்னைக் காட்டினாள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாமா என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். மரியாதை தெரிந்தவர், சிரிக்கவில்லை.

சனிக்கிழமை கோழி கூவுமுன் துலாவில் ஏறினேன். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. அந்தக் கயிறு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை. முதற் பத்துப் பட்டை வரைக்கும் பெருமையாக இருந்தது. பிறகு கெண்டைக்கால் இறுகியது, அதன்பின் தொடை. துலாமரத்தில் பனி பட்டு வழுக்கியது. கீழே மாமா பட்டையைச் சரித்து ஊற்றிவிட்டு, நான் மூச்சுவாங்கும்போதெல்லாம் தன் முழங்கால் நோகிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். முழங்கால் யாருக்கு நொந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கிழக்கு வெளுத்தபோது வாய்க்காலில் என் மனைவியைக் கண்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் கால் புதைய நின்று, மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்த பாத்தியைத் திறந்தாள். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு இது தெரியும் என்பது எனக்குத் தெரியாது. வடிவாக இருந்தாள். கத்திச் சொல்ல நினைத்தேன். மாமா பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை.

கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தபோது வெயில் பட்டது. இறங்கினேன் என்று எழுதலாம். இறக்கினார்கள் என்பதுதான் உண்மை. வீட்டுக்கு வந்தோம். பாலன் இன்னும் நித்திரை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலையணையில் முகம் பாதி புதைந்திருந்தது. நாகேஸ்வரி சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்று அவனைப் பார்த்தாள். எழுப்ப நேரமாகிவிட்டது என்றேன். இன்னும் கொஞ்சம் என்றாள்.

கொக்குவிலில் ஆட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. பெண்கள் மைதானத்துக்கு வருவது அங்கே வழக்கமில்லை. நாகேஸ்வரி வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் வண்டிலை நிறுத்தி அதற்குள் இருந்தாள். எங்கள் பக்கம் முதலில் ஆடி எண்பத்தெட்டு ஓட்டம் எடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் சோம்பல் என்று எழுதிய அதே நேரத்தில், பாலன் பந்தை எடுத்தான். மாமரத்தடியிலிருந்து ஓடி வந்தான். முதல் பந்திலும் அதே ஓட்டம், நாலு மணிப் பந்திலும் அதே ஓட்டம். கால் ஒருதரமும் தளரவில்லை. ஏழு விக்கெட் விழுந்தது. இன்னும் மூன்று விழுந்திருக்க வேண்டும். நேரே கைக்கு வந்த பந்துகளை மற்றவர்கள் விட்டார்கள். அவர்களில் இரண்டு பேரின் பாதத்தில் காய்ந்த செம்மண் ஒட்டியிருந்ததைக் கண்டேன். குறிப்பெடுக்க நான் எடுத்த பென்சிலே கயிறு உரசிய கையில் நிற்காமல் இரண்டு தரம் விழுந்தது. அவர்களை என்ன சொல்ல?

மூன்று விக்கெட்டால் தோற்றோம். "தோற்றோம்" என்று எழுதுகிறேன். இனி எனக்கு அப்படித்தான் வரும். ரயிலில் கண்ட பென்சன்காரர் குடையோடு வந்து, உந்தப் பொடியன் எந்த ஊர் என்று விசாரித்தார். என் மச்சான் என்றேன். தெரிவாளர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பெயர்களை வாசித்தார்கள். நாலாவது பெயர் பாலனுடையது. நான் நொண்டி நொண்டி வண்டிலுக்குப் போய்ச் சொன்னபோது, நாகேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கொழும்பு ஆட்டம் அன்றிலிருந்து மூன்றாம் வெள்ளிக்கிழமை. இரவு சாப்பாட்டில் பாலன் ஒரு பிடி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நாளை எண்ணினான். இரண்டாம் தரமும் எண்ணினான். பிறகு சோற்றை இலையில் வைத்துவிட்டான்.

"அண்டைக்கு எங்கடை முறை, அப்பு. நான் போகேல்லை."

எனக்கு விடுமுறை இல்லை. நாகேஸ்வரி தனியே வந்தாலும் துலா மிதிக்க ஆள் இல்லை. மாமா தன் இலையைப் பார்த்தபடி மோரை ஊற்றிக்கொண்டார்.

"ஒரு முறை தப்பினாப் போயிலை சாகாது," என்றார். "நீ போயிட்டு வா."

பாலன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். தோட்டக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தானோ, நினைக்க விரும்பினானோ, மறுபடியும் சாப்பிடத் தொடங்கினான். எனக்கும் மனம் லேசாகிவிட்டது.

ஞாயிறு பின்னேரம் சுன்னாக நிலையத்துக்குப் பாலன் வந்து பெட்டிகளை ஏற்றிவிட்டான். வரிசையில் இனி எங்களை எத்தனையாவதாகப் போடுவீர்கள், அத்தான் என்று கேட்டான். இரண்டு ஆட்டம், இரண்டு தோல்வி. மச்சான் என்பதற்காகக் கணக்கு மாறாது. ஆறு என்றேன். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகச் சிரித்தான். "போயிலை வெட்டி இறைப்பு முடிஞ்சாப்பிறகு வந்து இன்னொருக்கா எண்ணிப் பாருங்கோ," என்றான்.

வண்டி கொக்குவிலையும் பட்டணத்தையும் கடந்து, பனங்கூடல்களை விட்டு, ஆனையிறவுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நான் புது வரிசையை எழுதி முடித்தேன். ஆறாம் இடம் மாறவில்லை. சோம்பல் என்று எழுதியது பிழை என்றும், அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டே மைதானத்துக்கு வருகிறார்கள் என்றும் கீழே சேர்த்தேன். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தலையசைத்தாள். கொழும்பில் நாங்கள் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. ஒருநாள் மிதித்ததற்கே என் காலுக்கு இந்த நோவு என்று சொல்லிக் காலை நீட்டினேன். அவள் என் கெண்டைக்காலை மெல்லப் பிடித்துவிட்டாள். அப்போதுதான் ஏதோ உறைத்தது.

"ஒரு முறை தப்பினால் புகையிலை உண்மையில் என்னாகும்?" என்று கேட்டேன்.

"இலை சுருண்டுபோம். பேந்து எவ்வளவு இறைச்சாலும் நிமிராது. விலைப்படாது."

"அப்படியென்றால் மாமா தெரியாமலா சொன்னார்?"

"அப்புவுக்குத் தெரியாத போயிலையோ?" என்றாள்.

வெளியே நீரேரி கறுத்துக் கிடந்தது. வண்டி பாலத்தைக் கடந்து குடாநாட்டை விட்டு வெளியே வந்தது. அவள் வெகுநேரம் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, வீட்டுக்குப் போனதும் இன்னும் கொஞ்சம் பஞ்சு வாங்கவேண்டும், ஆட்டத்துக்கு வரும்போது அங்கேயும் அவனுக்கு ஒரு தலையணை வேண்டும் என்றாள்.