மூன்று பனைக்கு நேரே

திருகோணமலைக் கடலில் நான் தூண்டில் இறக்கிய முதல் நாள், ஈயக்குண்டு அடியைத் தொடவேயில்லை. நான் மன்னார்க் கடலில் தொழில் பழகியவன். அங்கே இரண்டு கைகளையும் விரித்து அளக்கிற பாகக் கணக்கில் எட்டோ பத்தோ இறக்கினால் நிலம் தட்டும். இங்கே கோயில் மலை கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிகிற தூரத்திலேயே நாற்பது பாகத் தங்கூசி நூலும் ஓடி முடிந்து, கடைசி முடிச்சு என் விரலில் வந்து இறுகியது. கீழே இன்னும் தண்ணீர்தான். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு நாற்பது பாகத்தையும் திரும்ப இழுத்தேன்.

வள்ளத்தின் முன்பக்கத்தில் என் சகலன் தலையை வெளியே தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். குடாவுக்கு அப்பால், தென்கரையில் இருக்கிற கட்டைபறிச்சானில் வயலும் மாடும் வைத்திருந்தவர். களப்பின் ஆழமில்லாத தண்ணீரில் எப்போதாவது வீச்சுவலை எறிந்திருக்கிறார், அவ்வளவுதான் அவருக்கும் கடலுக்கும் இருந்த உறவு. சண்டை இறுகியபோது மனைவியும் ஒரு சாக்குப் பையுமாகக் குடாவைக் கடந்து பட்டினத்துக்கு வந்தார். நான் அதற்கு ஆறேழு மாதம் முன்புதான் மன்னாரிலிருந்து வந்திருந்தேன். சகோதரிகள் இருவரின் தாய்வீட்டில், ஆளுக்கொரு அறையும் பொதுவில் சமைக்க ஒரு குசினியுமாக நாலு பேரும் இருந்தோம். பிள்ளைகள் இரண்டு குடும்பத்துக்கும் இல்லை. அதனால் வீட்டில் சத்தமும் இல்லை.

வள்ளம், பல வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்துகிற ஒரு சம்மாட்டியுடையது. கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் எடுப்பதென்றால் வள்ளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். பட்டினத்து ஆட்கள் எவரும் புதிதாக வந்த மன்னாரானை நம்பி ஏறவில்லை. நானாக இருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.

“நான் வாறன்,” என்றார் சகலன்.

“உங்களுக்குக் கடல் ஒத்துவராது அண்ணை.”

“வீட்டில சும்மா கிடக்கிறதும் ஒத்துவரேல்ல, தம்பி.”

அப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம். வாடைக் காற்று அடங்கி, கடல் தட்டையாகக் கிடந்த மாதம் அது.

விடிய முன்னே கரைக்குப் போனாலும் விடிந்த பிறகுதான் கடற்படையின் சோதனைச் சாவடி திறக்கும். வரிசையில் நின்று அடையாள அட்டையைக் கொடுத்து, பாஸைக் காட்டி, இரைப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே கிடக்கிற கணவாயைக் கம்பியால் கிளறிப் பார்ப்பார்கள். எஞ்சினும் சின்ன எஞ்சின்தான், பெரியதற்கு அனுமதி இல்லை. துறைமுக வாயை விலகிச் சுற்றிப் போக வேண்டும். பின்னேரம் மணி அடிக்கிறதுக்கு முன்னே கரையேறி, திரும்பவும் அதே வரிசையில் நின்று அட்டையை வாங்க வேண்டும். போக்கும் வரவும் நிற்பதும் போனால், தூண்டில் போட மிஞ்சுவது மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்துக்காக நாள் முழுதும் களைத்தோம்.

கலவாயும் செம்பல்லியும் கண்ட கண்ட இடத்தில் கிடக்கிற மீன்கள் அல்ல. கடலடியில் கல் இருக்க வேண்டும். அந்தக் கல்லைப் பார் என்போம். பார் எங்கே என்று தெரியாதவன் கடல் முழுவதும் தூண்டில் போட்டாலும் வெறுங்கையோடுதான் வருவான். பட்டினத்துக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். நல்ல மனிதர்கள், பீடி கொடுத்தார்கள், பால் விடாத பிளேன்ரீ வாங்கித் தந்தார்கள், எஞ்சின் கோளாறென்றால் இழுத்துக்கொண்டும் வந்தார்கள். பாரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. “கடல் பெரிசுதானே, தேடிப் பாருங்கோ,” என்றார் ஒருவர். மன்னாரில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தங்கூசியை அறுபது பாகமாக்கினேன். ஒவ்வொரு நாளும் இறக்கி இறக்கி இழுத்தோம். பாதி நாட்கள் ஈயம் சேற்றைத் தொட்டது; மற்ற நாட்கள் எதையும் தொடவில்லை. சகலன் காலையில் வெறும் தேத்தண்ணியோடு வருவார், துறைமுக வாயைத் தாண்டியதும் அதை வாந்தி எடுப்பார், உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தூண்டிலை எடுப்பார். ஒருநாளும் திரும்புவோம் என்று சொன்னதில்லை. பேச்சும் குறைவு. எனக்கும் பேசத் தோன்றாது. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி இருப்போம். அவர் பார்த்தது எப்போதும் தெற்குப் பக்கம். குடாவுக்கு அப்பால் பச்சைக் கோடாகத் தெரிந்த அந்தக் கரை அவருடைய ஊர்ப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் நீரோட்டம் எங்களை வழக்கத்தைவிடக் கிழக்கே கொண்டுபோயிருந்தது. சகலனின் தங்கூசி பாதி வழியில் தொய்ந்தது.

“தம்பி, அறுந்திட்டுது போல.”

வாங்கிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. ஈயம் கல்லில் இருந்தது. தூக்கி விட்டால் டொக்கென்று விரலுக்குத் தெரிந்தது. முப்பத்திரண்டு பாகம். திருப்பிக் கொடுத்துவிட்டு நான் நங்கூரத்தைப் போட எழும்புமுன்னே அவருடைய கையில் இருந்த தங்கூசி ஒரே இழுப்பாகக் கீழே போனது.

“விடாதேங்கோ! கல்லுக்குள்ள பூந்தா வராது!”

கலவாயின் பலம் முழுவதும் முதல் நாலு பாகத்தில்தான். அதற்குள் அதைக் கல்லிலிருந்து பிரித்துவிட்டால் பிறகு நனைந்த மூட்டையை இழுப்பதுபோல வரும். சகலன் அதெல்லாம் தெரியாதவர்; மாட்டுக் கயிற்றைப் பிடிக்கிற மாதிரிக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். தங்கூசி உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை. கலவாய் மேலே வந்தபோது, ஆழத்து மீன்களுக்கு ஆகிறதுபோல வயிறு ஊதி, இரைப்பை வாய்க்குள்ளால் பிதுங்கி, கண்கள் வெளியே தள்ளி இருந்தன. ஒரு குழந்தையின் பாரம் இருந்தது மீன். அவர் அதைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பி வாந்தி எடுத்தார்.

அன்று ஐந்து கலவாயும் ஒன்பது செம்பல்லியும் பிடித்தோம். ஆனால் எனக்கு மீனைவிட இடம்தான் முக்கியமாக இருந்தது. கடலில் ஓர் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க இரண்டு பக்கத்தில் இரண்டு அடையாளம் வேண்டும். வடக்கே எனக்கு ஒன்று கிடைத்தது. கோயில் மலையின் முனை, பின்னாலிருந்த குன்றைத் தொட்டும் தொடாமலும் நின்றது. தெற்கே எனக்குத் தெரிந்தது வெறும் பச்சைக் கோடு.

“தெற்கால பிடிக்க ஒண்டும் இல்லையே,” என்று புலம்பினேன்.

“ஏன் இல்லை? எங்கட பனை நிக்குதே,” என்றார் சகலன்.

“எங்க?”

கையை நீட்டினார். தென்னைகளின் வரிசைக்கு மேலே மயிர்க்கற்றை போல ஏதோ தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது மூன்று தலைகள்.

“மூண்டு பனை. எங்கட மேட்டுத்துண்டில நிக்கிறது. ஒண்டு சரிஞ்சு நிக்கும், பாருங்கோ. மத்தியானத்தில மாடு அதுக்குக் கீழதான் படுக்கும்.”

வள்ளம் அந்தக் கல்லின் மேலே நின்றால் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கொஞ்சம் விலகினாலும் சரிந்த பனை மற்றதற்குப் பின்னால் போய் இரண்டாகிவிடும். அதைவிட நல்ல அடையாளம் எனக்கு மன்னாரிலும் கிடைத்ததில்லை. அந்தப் பாருக்கு நாங்கள் பனைப்பார் என்று பெயர் வைத்தோம். வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. நாங்களும் பட்டினத்துக்காரராகிவிட்டோம் என்று என் மனைவி சிரித்தாள்.

அதன் பிறகு ஓடிய மூன்று மாதமும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. களைப்பு மட்டும் குறையவில்லை. அதே வரிசை, அதே கம்பி, அதே வாந்தி. பனைகளைத் தேடுவது சகலனின் வேலை; மலையைப் பார்ப்பது என் வேலை. “மூண்டும் தெரியுது,” என்பார். நான் நங்கூரத்தை விடுவேன். அவர் தூண்டில் போட்டதைவிட அந்தப் பனைகளைப் பார்த்ததுதான் அதிகம் என்று இப்போது நினைக்கிறேன். சில நாட்களில் புகை எழும்பும். அது எந்தப் பக்கம், யாருடைய வளவுப் பக்கம் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டு, “தம்பி, கொஞ்சம் கிட்டப் போவமே,” என்றார்.

“எங்க கிட்ட?”

“கரைக்கில்லை. மாடு நிக்குதோ எண்டு பாக்கிற தூரத்துக்கு.”

“அண்ணை, எல்லையைத் தாண்டினாச் சுடுவாங்கள்.”

“சுடட்டும்.”

“உங்களுக்குச் சுடட்டும். எனக்கு?”

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று தெரிந்தது. அவர் தூண்டிலைத் திரும்பக் கையில் எடுத்தார். நானும் மன்னாரில் ஒரு வீட்டை விட்டு வந்தவன்தான், ஆனால் என்னுடைய வீடு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பின்னேரம் கரையேறினோம். வரிசையில் நிற்கும்போது அவர் தன் பீடியில் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு குடாவுக்கு அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. கடல் பூட்டு, ஒருவருக்கும் பாஸ் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வீட்டில் யன்னல் அதிர்கிற ஒவ்வொரு தடவையும் மனைவியின் அக்கா அரிசி புடைக்கிற கையை நிறுத்துவாள், பிறகு புடைப்பாள். சகலன் முற்றத்தில் தங்கூசியைக் கழற்றிச் சுற்றி, திரும்பக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கடல் திறந்த முதல் நாளே போனோம். மலை முனை குன்றைத் தொடுகிற இடத்துக்கு வந்ததும் எஞ்சினைத் தணித்துவிட்டு, அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். 

“எத்தனை தெரியுது அண்ணை?”

அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே பார்த்தேன். பச்சைக் கோடு இருந்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை.

“பனிப் புகாரா இருக்கும்,” என்றேன்.

“புகார் இல்லை.” அவர் எழுந்து நின்றார். எதையும் பிடிக்காமல் அவர் வள்ளத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். விரலை நீட்டி இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டு போனார். “அது ஆலங்குத்தி. அது தண்ணித் தாங்கி. அதுக்கு இஞ்சால எங்கட துண்டு.” விரல் அங்கே நின்றது. “தறிச்சுப் போட்டாங்கள், தம்பி. பங்கருக்கு மேல அடுக்கப் பனைதானே வேணும்.”

யார் தறித்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஷெல்லில் முறிந்ததோ என்னவோ. வெறும் ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டு மேலும் கீழுமாக ஓடினேன். ஈயம் கல்லைத் தொடவில்லை. அவர் ஒரு தடவைகூடத் தூண்டில் இறக்கவில்லை; வாந்தியும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது, “வீட்டில சொல்லாதேங்கோ. அவள் தாங்கமாட்டாள்,” என்றார்.

“ஓம் அண்ணை.”

வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு அவருடைய மனைவி, “மீன் இல்லையே?” என்று கேட்டாள்.

“நீரோட்டம் கூடிப்போச்சு,” என்றார் அவர்.

“ஓ,” என்றாள் அவள். சோற்றைப் போட்டாள்.

அடுத்த மூன்று கிழமையும் அவர் வந்தார். பனைப்பாரைக் குத்துமதிப்பில் தேடினோம். இரண்டு தடவை ஈயம் டொக்கென்றது; நங்கூரம் விடுமுன்னே வள்ளம் விலகிவிட்டது. ஒவ்வொரு நாளும் வெறும் பெட்டியோடு வந்து, நீரோட்டத்தையும் காற்றையும் குற்றம் சொன்னோம். பிறகு ஒருநாள் கிணற்றடியில் என் மனைவியிடம் நான் விசயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“அக்காவுக்குத் தெரியும்.”

“எப்பிடி?”

“ஆஸ்பத்திரியில அந்தப் பக்கத்துப் பொம்பிளை ஒருத்தி சொல்லியிருக்கிறா. பனை மட்டுமில்லையாம். வீட்டுக்கூரையும் இல்லை, மாடும் இல்லை. அத்தானுக்குச் சொல்லாத எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ. அவர் தாங்கமாட்டாராம்.”

நாலு பேர் இருந்த வீட்டில் பனை போனது நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்படியே அந்தக் கிணற்றுக்கட்டில் படுத்துவிடலாம் போல இருந்தது.

நான்தான் கடைசியில் அவரிடம் சொன்னேன். சாவடி வரிசையில், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அவருடைய மனைவிக்கு எல்லாம் தெரியும் என்றேன். கூரையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “அப்ப இனி நான் கடலுக்கு வரத் தேவையில்லை,” என்றார். மனைவியிடம் மறைக்கவும் அந்தக் கரையில் பார்க்கவும் இனி ஒன்றும் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் வந்தார், பாஸில் பெயர் இருந்தபடியால்.

அடுத்த கிழமை கந்தளாயில் யாரோ ஒருவருடைய வயலில் அவருக்கு வேலை கிடைத்தது. மனைவியைப் பிறகு கூப்பிடுவதாக ஏற்பாடு. பஸ் நிலையத்துக்கு நான் கூடப் போனேன். அவர் யன்னலோரத்தில் இருந்து, “வயலெண்டா வயல்தானே, தம்பி, ஆருடைய வயலெண்டாலும்,” என்றார். உள்ளங்கையில் தங்கூசி அறுத்த கோடு வெள்ளையாக ஆறியிருந்தது. பஸ் புறப்படுமுன்னே தூங்கிப்போனார்.

நிலையத்திலேயே பரிசோதனைக்காக எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். கண்டக்டர் அவரைத் தட்டி எழுப்பினார். இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று, திரும்ப ஏறி, அதே யன்னலில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கினார். நான் கையைக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. எனக்குப் புதிய பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. கிண்ணியாக்காரர் ஒருவர் என்னோடு வரச் சம்மதித்திருந்தார். அவருடைய அட்டையை வாங்குவதற்காகச் சந்தைப் பக்கம் நடந்தேன்.