கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நான் படித்த கல்லூரி அடையாறில் இருக்கிறது. அதன் நூலகத்தில் தரைக்கு அடியில் ஒரு தளம் உண்டு. வட்டார வரலாற்றுப் பிரிவு என்று பெயர். அங்கே புத்தகங்கள் குறைவு, குரல்கள்தான் அதிகம். மாட வீதியில் பூக்கட்டியவர்கள், மாம்பலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர்கள், பாலவாக்கத்தில் வலை இழுத்தவர்கள் என்று பலரும் தங்கள் வாழ்க்கையைச் சொல்லிப் பதிவு செய்த ஒலிநாடாக்கள். அடையாள அட்டையைக் கொடுத்தால் ஹெட்போனோடு கடன் வாங்கிக் கேட்கலாம். முதுகலை வரலாறு படித்த காலத்தில் நான் அந்த நூலகத்தில் கடன் வாங்கியது பெரும்பாலும் முகம் தெரியாத மனிதர்களின் குரல்களைத்தான்.

கடைசி வருடம் நானே ஒருவரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் கடை போட்டிருந்தவர்களைப் பற்றி எடுத்துக்கொண்டேன். பழைய வியாபாரிகள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வந்தது: "வளையல் கடை ஆபா கிட்ட போம்மா." ஆபா என்றால் உருதுவில் அக்கா. அறுபதைத் தாண்டியவர். கல்யாணமான சில வருடத்தில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவர், பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பிளாட்பாரக் கடைகளை ஒரு கட்டடத்துக்குள் மாற்றியபோது அவருக்கும் உள்ளே ஒரு கடை கிடைத்தது. ஆனால் சில மாதத்திலேயே விட்டுவிட்டு ராயப்பேட்டையில் மகன் வீட்டோடு இருந்துவிட்டார். ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

வீட்டுக்கு வருகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வூட்ல வேணாம்மா. மருமவ, பசங்க எல்லாம் காத நீட்டிக்கினு இருக்கும். உங்க காலேஜுக்கே வரேன்."

அவர் வந்த அன்று காலையிலிருந்தே மழை. ஆட்டோவிலிருந்து இறங்கியபோது புர்காவின் ஓரமெல்லாம் சேறு. சாப்பாட்டு டப்பா வைத்த பையை மேல்தளத்து கவுன்டரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பை எதையும் கொண்டுபோகக் கூடாது.

"மாத்திர போட்டுட்டேன். பேசி முடிச்சிட்டு துன்னுக்கறேன்" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை. அப்போது அது என் காதில் சரியாக விழவேயில்லை. என் மனமெல்லாம் கேள்விகளில் இருந்தது.

கீழ்த்தளத்தின் கோடியில் ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்கத் தடித்த பஞ்சுப் பலகை. கதவு ஓர் ஆள் சாய்ந்து தள்ள வேண்டிய கனம். அதற்கு முன்னால் நூலகர் அம்மாவின் சின்ன அறை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல். போனையெல்லாம் அந்த முன்னறை மேஜையிலேயே வைத்துவிட வேண்டும், பதிவில் இரைச்சல் விழும் என்பார்கள். வைத்தோம். நூலகர் அம்மா மயிலாப்பூர்க்காரர். ரெக்கார்டரை என் பெயரில் பதிந்து கொடுத்துவிட்டு, அதை ஓடவிட்டு எழுந்தார்.

"எங்காத்து வாசல்ல தண்ணி வந்துடுத்தாம். நான் கொஞ்சம் முன்னாடி கெளம்பறேன். நீ முடிச்சுட்டு சாவிய வாட்ச்மேன்ட்ட குடுத்துடு."

கதவு மூடியதும் மழைச் சத்தம் கத்தரித்ததுபோல் நின்றது. ஆபா இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னாமா ரூம் இது? காது அடைச்சிக்கினு கீது."

"வெளிச் சத்தம் உள்ள வராது, ஆபா. உள்ள சத்தம் வெளியும் போகாது."

அவர் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்துவிட்டார். நன்றாகப் பேசினார். தீபாவளிக் கூட்டத்தில் நசுங்கிப்போன வளையல் பெட்டிகள், போலீஸ் வண்டி தலை தெரிந்ததும் தார்ப்பாயை நாலு முனையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடியது, நிச்சயதார்த்தத்துக்கு வளையல் வாங்கிப் போன பெண்ணே வளைகாப்புக்கும் வந்து நின்றது. நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் விளக்கு அணைந்தது.

கரன்ட் போயிருக்கும், வந்துவிடும் என்றேன். வரவில்லை. ஏசியும் நின்றுவிட்டதால் காற்று கனமாகிக்கொண்டே வந்தது. ரெக்கார்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சின்னத் திரையின் பச்சை வெளிச்சத்தில் அவர் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. "போலாம், ஆபா. மேல போய் உக்காந்துக்கலாம்" என்று எழுந்து, தடவித் தடவிப் போய்க் கதவின் பிடியைத் திருகினேன். அது சுற்றியது. கதவு அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் திருகினேன். பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது.

அந்த இரும்புத் துண்டைக் கீழே வைத்தேன். பிடி இருந்த இடத்தில் விரல் விட்டுப் பார்த்தேன். வழவழப்பான ஒரு ஓட்டை மட்டும் இருந்தது.

"இன்னாச்சி?"

"ஒண்ணுமில்ல, ஆபா. கொஞ்சம் டைட்டா இருக்கு."

கதவைத் தட்டினேன். பஞ்சுப் பலகையில் என் கை தலையணையில் குத்துவதுபோல் விழுந்தது. கத்தினேன். என் குரல் வாயை விட்டு வெளியே போகாமல் முகத்திலேயே ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. அப்போதுதான் முன்னறையில் ஏதோ ஒளிர்ந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேஜையில் என் போன். அம்மா கூப்பிடுகிறாள். எங்கள் வீடு வேளச்சேரியில், தரைத்தளம். மழை வலுத்தால் அம்மா முதலில் எனக்குத்தான் போன் செய்வாள். போன் சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைந்தது. மறுபடி மின்னியது. கைக்கு எட்டும் தூரம்தான், நடுவில் கண்ணாடி.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. மழை எச்சரிக்கை வந்து கல்லூரிக்கு மதியமே விடுமுறை விட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். அது எங்களுக்குக் கேட்க வழியில்லை. வளாகத்தில் தண்ணீர் ஏறியதும் வாட்ச்மேன் மெயினை அணைத்துவிட்டு நூலகத்தின் வெளிக் கதவைச் சாத்திவிட்டார். மறுநாளும் விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள். நல்ல வேளை, அது அப்போது எனக்குத் தெரியாது.

ஆபா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கை ஈரமாக இருந்தது. "கதவு தொறக்கலியா? உள்ள வெச்சி பூட்டிட்டாங்களா? உண்மைய சொல்லு."

"பிடி உடஞ்சிருச்சு. யாராவது வந்துருவாங்க."

"யாரு வருவாங்க?"

மறுபடி கதவைத் தட்டினேன்.

அவர் மூச்சு மாறியது. ஒரு சின்னப் பெண்ணைப்போல் இழுத்து இழுத்து மூச்சு விட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். இந்தப் பேச்சு வளையல் கடையைப் பற்றியது இல்லை. கல்யாணமான புதிதில் நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை என்று நடுவே இரண்டு மூன்று முறை சொன்னார். நிறுத்த அவரால் முடியவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்தால் மயங்காமல் இருப்பார் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. அவர் சொன்னதில் பாதிதான் என் மனதில் பதிந்தது. மீதி நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவர் சொற்கள் குழற ஆரம்பித்தன. தமிழில் தொடங்கி உருதுவில் போய், அதுவும் நடுவிலேயே அறுந்தது. நெற்றியைத் தொட்டேன். குளிக்க வைத்ததுபோல் வியர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை போட்டார், சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெரியப்பா ஒருமுறை இப்படிச் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இறங்குகிறது.

அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அதன்பிறகு வந்த பயம் வேறு மாதிரி. இவர் இங்கேயே, என் கையைப் பிடித்தபடியே போய்விட்டால்? அவர் மகனிடம் போய் என்ன சொல்வேன்? அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

மைக் ஸ்டாண்டின் அடிப்பாகம் வட்டமான கனத்த இரும்பு. அதைத் தூக்கினேன். "ஆபா, மூலைல திரும்பி உக்காருங்க. புர்காவால மூஞ்ச மூடிக்குங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானே அவரை நாற்காலியோடு இழுத்துப்போய்ச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, புர்காவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டேன். முதல் அடியில் கண்ணாடி ஒன்றுமே ஆகாததுபோல் நின்றது. இரண்டாவது அடியில் ஸ்டாண்ட் திரும்பி என் தோளில் இடித்தது. அதற்குமேல் எத்தனை அடித்தேன் என்று தெரியாது. உடைந்தபோது, அதற்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி இருந்தது. சத்தம் போகாமலிருக்க இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அந்த நிமிடம் நான் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலே இல்லை.

இரண்டாவதும் உடைந்தது. நாற்காலியில் ஏறி, ஜன்னல் விளிம்பில் துப்பட்டாவைப் போட்டு அந்தப் பக்கம் குதித்தேன். உள்ளங்கை கிழிந்தது தெரியவேயில்லை. தரையில் கணுக்கால் வரை தண்ணீர். படிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நூலகர் அம்மா பிளாஸ்கில் காபி கொண்டுவருவார், மேஜை இழுப்பறையில் சர்க்கரை டப்பா இருக்கும் என்று தெரியும். போன் வெளிச்சத்தில் தேடி எடுத்தேன். வெளிப் பக்கத்துப் பிடியைத் திருகியதும் அந்தக் கதவு ஒரு பேச்சும் இல்லாமல் திறந்துகொண்டது.

சர்க்கரையை அவர் கன்னத்துக்குள் விரலால் அடக்கினேன். "முழுங்குங்க, ஆபா. முழுங்குங்க." என் ரத்தமும் அதில் கலந்திருக்கும். இன்னொரு கையால் நூலகர் அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் புரிந்துகொண்டார். "அங்கேயே இரு. இதோ வாட்ச்மேன கூப்படறேன்."

ஆபாவின் நாக்கு அசைந்தது. ஒரு வாய் விழுங்கினார். கண் திறந்து என்னைப் பார்த்தார், யாரென்று தெரியாமல். இன்னும் கொஞ்சம் சர்க்கரை கொடுத்தேன். பிறகு தெரிந்துகொண்டார்.

"கதவு?" என்றார்.

"தெறந்தாச்சு."

"தொறந்தே வெய்யி."

டார்ச்சோடு தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடிவந்த வாட்ச்மேன், உடைந்த கண்ணாடியையும் என் கையையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, உள்ள கீறீங்கன்னு எனக்கு யாருமே சொல்லலியேம்மா. எல்லாரும் போய்ட்டாங்கன்னு இல்ல நெனச்சிக்கினேன்." டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. ஆபாவை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோனோம். கவுன்டரில் இருந்த டப்பாவைத் திறந்து கொடுத்தேன். புதினாச் சாதம். நாலு வாய் சாப்பிட்டதும் முகத்துக்கு உயிர் வந்தது. என்னையும் சாப்பிடச் சொன்னார். நான் முதலில் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

தண்ணீர் வடிந்து கல்லூரி திறக்கும் முன்பே ஆபா போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள்போல.

"அந்த மிசின் ஓடிக்கினு இருந்திச்சா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருட்டில் அவர் சொன்னதெல்லாம் அதில் இருந்தது.

"அத அழிச்சிடு கண்ணு. எம்புள்ளைங்களுக்கு அவங்க அப்பா மேல உசுரு. அவரும் போயி சேந்துட்டாரு."

அழிப்பது என் கையில் இல்லை. ரெக்கார்டர் நூலகத்துடையது. பதிவான எதையும் அழிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் முதல் விதி. நூலகர் அம்மா கண்டிப்பானவர். புத்தகத்தில் பென்சில் கோடு இருந்தால்கூட ஒரு வாரம் பேச மாட்டார். அவர் அறைக் கண்ணாடியை உடைத்துவிட்டு, இப்போது விதியையும் உடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டுப் போட்ட கையோடு அவர் முன்னால் போய் நின்றேன். ஆபா கேட்டதை மட்டும் சொன்னேன். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

அவர் ரெக்கார்டரை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் இன்னும் கேக்கல. கேக்கவும் போறதில்ல. வெளக்கு அணைஞ்சதுக்கு அப்பறம் உள்ளத நீயே எடுத்துடு. விளக்கம் நான் எழுதிக்கறேன்."

எடுத்துவிட்டேன். இங்கேயும் அதை எழுதவில்லை. எதையாவது சொல்லலாமா என்று ஆபாவிடம் கேட்டபோது, "நாலு செவுரு, பூட்டின கதவுன்னா எனக்கு ஆவாது, அதான் கடைய வுட்டேன்னு மட்டும் எழுதிக்கோ" என்றார்.

மீதிப் பதிவைத் தை மாதத்தில் பாண்டி பஜாரிலேயே எடுத்தோம், நடைபாதையில் போட்டிருக்கும் கல் பெஞ்சில் உட்கார்ந்து. ஹார்ன் சத்தமும், துணிக்கடை வாசலில் கூப்பிடும் குரலும், நடுவே ஆபாவை அடையாளம் கண்டுகொண்டு நின்று பேசியவர்களின் பேச்சும் அதில் இருக்கின்றன. நூலகர் அம்மா முழுக்கக் கேட்டார், ஒரு வரிகூட வெட்டவில்லை.

கீழ்த்தளத்துக் கதவுக்குப் புதிய பிடி போட்டார்கள், உள்பக்கம் ஒரு அழைப்பு மணியும் வைத்தார்கள். பிறகு ஒருநாள் இன்னொருவரைப் பதிவு செய்ய என்னை அனுப்பியபோது, வாசல்படி வரை போய் நின்றுவிட்டேன். உள்ளே போக அன்று முடியவில்லை. வந்தவரை மேல்தளத்து வராந்தாவில் உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். காக்கை கத்துகிறதே என்று அவர் தயங்கினார். பரவாயில்லை, பேசுங்கள் என்றேன்.